யார் கொடுத்த காமாலை

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது மாதம் என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் அதைக் காமாலை என்று யாரும் நினைக்கவில்லை. இரண்டு மூன்று நாளாகச் சோறு வேண்டாம் என்றார். என் சமையல் பிடிக்கவில்லை, சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு குழம்பில் புளியைக் குறைத்தேன், காரத்தைக் கூட்டினேன். நாலாம் நாள் காலை பல் துலக்கிவிட்டு வந்தவரின் கண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளை விழி எலுமிச்சம்பழத் தோல் போல இருந்தது.

அப்போது நாங்கள் விருத்தாசலத்தில், செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் செராமிக் டிப்ளமோ முடித்து எஸ்டேட்டிலேயே ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சூளையிலிருந்து வெளியே வரும் பீங்கான் ப்யூஸ்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓசை மங்கலாக வருவதை ஒதுக்கி வைக்க வேண்டும். அவருக்குப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களை எடைமேடையில் ஏற்றி இறக்குவார். காலை பஸ்ஸில் போய்ப் பொழுது சாயும் நேரம் திரும்புவார்.

சேதி போன அன்று மத்தியானமே கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் மாமியார் ஒரு பை நிறையக் கீழாநெல்லியோடு வந்து இறங்கினார். அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லா ரசம். டாக்டரிடமும் போனோம். ரத்தம் எடுத்தார்கள், காமாலைதான் என்றார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எந்தக் காமாலை என்று நாங்களும் கேட்கவில்லை. காமாலையில் வகை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. பெண்ணாடத்தில் அவர் பஸ் ஏறும் இடத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி உண்டு. தினமும் வேலை முடிந்ததும் அதில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் ஏறுவார். அந்த ஐஸ்தான், அந்த ஈதான் என்று மாமியார் முடிவு செய்தார். நானும் ஒத்துக்கொண்டேன். பார்க்க வந்த ஆலை நண்பர்களிடம் அவரும் அதையே சொன்னார். அவர்கள் போய்ப் பத்துப் பேரிடம் சொன்னார்கள். அந்த வண்டிப் பக்கம் ஆலை ஆட்கள் போவது நின்றுபோனது.

ஆறு வாரம் படுத்திருந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். அவர் சாப்பிட்ட தட்டில் மிச்சத்தை நான் சாப்பிட்டேன், அவர் பக்கத்திலேயே படுத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மாமியார் அதைக் கவனித்துவிட்டுத் தெருக்காரர்களிடம், "எம் மருமவளுக்குக் கல்லு ஒடம்புங்க" என்று சொன்னார். வந்த புதிதில் மாமியார் வாயால் கேட்ட முதல் பாராட்டு அது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அதற்கடுத்த வருடம் நான் உண்டானேன். ஏழாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், நர்ஸம்மா என்னை மட்டும் திரும்ப உள்ளே கூப்பிட்டார். என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்றார்கள். ஈரலில் இருக்கும் கிருமி. எனக்கு உடம்பு ஒன்றும் செய்யவில்லையே என்றேன். செய்யாது, பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருக்கும், ஆனால் பிள்ளை பிறக்கும்போது அதற்குப் போகும் என்றார்கள். பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட்டுவிட்டால் தடுத்துவிடலாம். அதில் ஒன்று இங்கே சுலபத்தில் கிடைக்காது. பாண்டிச்சேரியில் ஈரல் டாக்டரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. அவரிடம் சொன்னபோது நான் அழவில்லை. அவருக்கும் என்னிடமிருந்து வந்திருக்குமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பாண்டிச்சேரி டாக்டர் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அன்று இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனோம். டாக்டரம்மா அவருடைய சீட்டைத்தான் முதலில் எடுத்தார், இரண்டு தடவை படித்தார், பிறகு அவரைப் பார்த்து, எப்போதாவது காமாலை வந்ததா என்று கேட்டார்.

"வந்துதுங்க. கரும்புச்சாறு குடிச்சி வந்துது."

"சாறுலயும் தண்ணியிலயும் வர்றது வேற காமாலைங்க. ஒங்களுக்கு வந்தது இந்தக் கிருமியாலதான். ரத்தத்துல அதோட தடயம் இருக்குது. கல்யாணம் ஆயி எத்தன மாசத்துல வந்துது?"

"ஆறு மாசங்க."

டாக்டரம்மா அதற்குப் பிறகு என்னைப் பார்க்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். அது என்மேல் அவருக்கிருந்த கரிசனம் என்று பின்னால் புரிந்தது. என் கணவர் உடம்பில் இப்போது கிருமி இல்லை, எதிர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது, இனி இந்த ஜென்மத்துக்கு அவருக்கு இது வராது என்றார். கிருமி இருப்பது எனக்குத்தான்.

எனக்கு அது விளங்கவே இல்லை. மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தவருக்கு இல்லை, ஒரு நாள் தலைவலி என்று படுக்காத எனக்கு இருக்கிறது என்றால் எப்படி?

அதைத்தான் கேட்டேன். டாக்டரம்மா சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நீங்க பொறக்கறப்பவே ஒங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கும். பச்சப்புள்ள ஒடம்புக்கு எது தன்னுது எது வேத்தாளுதுன்னு இன்னும் தெரியாது. உள்ள வந்தத வூட்டு ஆளுன்னு நெனச்சி விட்டுடும். அதனால சண்டையும் இல்ல, காமாலையும் இல்ல. இவரு வளந்த ஆளு. உள்ள வந்தவுடனே ஒடம்பு யாருன்னு கேட்டிருக்குது, வெளிய போன்னு அடிச்சித் தொரத்தியிருக்குது. அந்தச் சண்டையில ஈரலுக்கும் அடிபடும். அந்தக் காயந்தாங்க காமாலை. கிருமியா போயி ஈரலக் கடிக்கறதில்ல."

எனக்கு மருந்து இப்போது வேண்டாம் என்றார். என் உடம்பு அதோடு சமாதானமாக இருக்கிறது. கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் ஈரல் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சமாதானம் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அவர் உப்பில்லாக் கஞ்சியை முகம் சுளித்துக்கொண்டு குடித்ததும், நிமிர்ந்து உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்திருந்ததும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. அந்த ஆறு வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய நான்தான் அதைக் கொடுத்தவள். கல்லு உடம்பு என்று பெருமைப்பட்டேனே, அதை நினைத்தால் கூசியது. வடலூரில் பஸ் நின்றபோது, இனிமேல் தாங்காது என்று, "என்னாலதாங்க ஒங்களுக்கு அப்ப..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஏதோ யோசனையிலிருந்து திரும்பினார்.

"அப்ப அந்தக் கரும்புச்சாறுக்காரருமேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் கரும்புச்சாற்றைப் பற்றி யோசித்துக்கொண்டு வருகிறார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்பதுதான் அவர் வருத்தம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாச்சிக்கு வயிறு வலிக்கிறதாக்கும் என்று எனக்கு ஒரு வெற்றிலை கிள்ளிக் கொடுத்தார்.

மறுநாளே வேலை முடிந்ததும் அவர் நேராக அந்த வண்டிக்குப் போயிருக்கிறார். இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, தான்தான் ஊரெல்லாம் அப்படிச் சொன்னது, அது தப்பு, தன் நோய் வேறு என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரருக்குத் தெரிந்தே இருந்ததாம். யார் சொன்னார்கள் என்றும் தெரியுமாம். வந்து கேட்டால் சண்டையாகிவிடும் என்று விட்டுவிட்டாராம். அப்புறம் எங்கிருந்துதான் வந்தது என்று கேட்டதற்கு இவர், "வூட்டுலேருந்து வந்துதுங்க" என்றிருக்கிறார். அடுத்த நாள் இவர் தன்னோடு எடைமேடையில் இருந்த நாலு பேரையும் அந்த வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் என்னைக் குத்திக்காட்டுவார் என்று நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன். எங்களுக்குள் சண்டையே வராமல் இல்லை. ஒவ்வொரு சண்டையிலும் இப்போது சொல்லப்போகிறார் என்று ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சொன்னதில்லை. நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும், "ஒங்க வூட்டுச் சீருல நான் திருப்பிக் குடுத்தது இது ஒண்ணுதான்" என்பார்.

மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, சொல்லிவிட்டார். மாமியார் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. மறுநாளிலிருந்து எனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு சோப்பு தனியாக வந்தன. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை என் கணவர் எடுத்துச் சொன்னார், மாமியார் கேட்டுக்கொண்டார், தட்டு தனியாகவே இருந்தது. இவர் வேண்டுமென்றே என் டம்ளரில் தண்ணீர் குடிப்பார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு வலித்தது, ஆனால் மகனை ஆறு வாரம் தூக்கி உட்கார வைத்த கை அது என்றும் தோன்றும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் மொத்தமாக வந்துவிட்டார்கள். டீ கொடுக்க டம்ளர் போதவில்லை. மாமியார் என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் எது என் டம்ளர் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியாரும் தேடவில்லை. மகன் மாமியாரை அழைத்துப் போய் மூன்று தடுப்பூசியும் போட்டுவிட்ட பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் அடங்கிவிட்டது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். என் தாய்வீடு திட்டக்குடியைத் தாண்டி இருக்கும் எங்கள் மங்களூர்ப் பக்கம். அங்கே ஊசி கிடைக்காது என்பதால் அம்மா இங்கே வந்து தங்கினார். வந்த அன்றே அம்மாவுக்கும் ரத்தம் எடுக்கக் கொடுத்தோம். டாக்டரம்மா சொன்னது சரிதான். அம்மாவுக்கும் இருந்தது. ஆனால் அது அடங்கிக் கிடக்கிறது, ஈரலுக்குச் சேதமில்லை என்று வந்தது.

"நானாடி குடுத்தேன் ஒனக்கு?" என்று அம்மா கேட்டார். நான் பஸ்ஸில் அவரிடம் கேட்க நினைத்த அதே கேள்வி. எனக்கு அப்போது யாரும் தேறுதல் சொல்லவில்லை. ஒனக்கும் யாரோ குடுத்ததுதானேம்மா என்றேன்.

மூன்றாம் நாள் அம்மா உட்கார்ந்து மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல், "எங்கண்ணன் குடிக்கல" என்றார்.

அம்மாவின் அண்ணன் நாற்பது வயதில் இறந்துபோனார். எனக்கு அவர் முகம் லேசாகத்தான் நினைவிருக்கிறது. வயிற்றில் தண்ணீர் சேர்ந்து, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகிப் போனார். குடிக்கிறவர்களுக்குத்தான் அப்படி வரும் என்பதால் ஊரில் எல்லாரும் அவர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லியிருக்கிறார். காரியத்துக்கு வந்தவர்களே அதைப் பேசிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அம்மாவும் நம்பியிருக்கிறார். அதுதான் அவரை இரண்டு நாளாக அறுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை பாண்டிச்சேரி போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆளைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே தாய், அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். சிலருக்கு உடம்பு பாதி வயதில் விழித்துக்கொண்டு சண்டை போடும், ஜெயிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், காயத்தின் மேல் காயமாக ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிடும் என்றார்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாளே மங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அண்ணியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். என்னை இந்த நேரத்தில் விட்டுவிட்டா என்று கேட்டேன். "போயிட்டு வந்துடறேன்டி, பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்" என்றார். சொன்னபடி வந்தார். அத்தை என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அழுதார்களாம். அப்புறம், "எத்தன நாளு அவரு தூங்கறப்ப வாய மோந்து பாத்திருக்கேன், ஒரு நாளும் வாசன வரல, அப்பவும் ஊரு சொன்னதத்தான் நம்பனேன்" என்று சொன்னார்களாம். மாமாவின் இரண்டு பிள்ளைகளும் அந்த மாதமே திட்டக்குடியில் சோதனை செய்துகொண்டார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. ஊரில் அதற்குப் பிறகு மாமாவின் பேச்சு வந்தால், அது ஈரல் கிருமி, குடி இல்லை என்று எடுத்துச் சொல்ல அம்மா தவறியதே இல்லை.

பிள்ளைக்கான அந்த ஊசியை அவர் ஒன்பதாம் மாதமே பாண்டிச்சேரியிலிருந்து ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வாங்கிவந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடைக்காரரின் பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தார். வலி கண்டால் ஓடிப்போய் எடுத்து வருவதாக ஏற்பாடு. வலி கண்டது மாட்டுப்பொங்கலன்று காலையில். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர் போய்ப் பார்த்தபோது அந்தக் கடையும் மூடியிருந்தது. மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இவர் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்துக்கடைக்காரர் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். கடைக்காரர் தன் மாமனார் ஊருக்குப் போய்விட்டிருந்தார். வீட்டில் அவருடைய மனைவி மட்டும் உடம்பு சரியில்லை என்று தங்கியிருந்தார். இவர் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு, பண்டிகைக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு இவருடைய சைக்கிள் கேரியரிலேயே உட்கார்ந்து வந்து, கடையைத் திறந்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். வழியெல்லாம் கொம்பில் வர்ணம் பூசிய மாடுகள். அதற்கிடையில் இவர் மணி அடித்துக்கொண்டு வந்ததை அந்த அம்மாள் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று. பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் போட்டாகிவிட்டது. குழந்தை அலறியது. இவர் அப்போதுதான் முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தார். மற்றத் தடுப்பூசிகளும் நாள் தவறாமல் போட்டோம். ஒரு வயது முடிந்ததும் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை, எதிர்ப்பு நன்றாக இருக்கிறது என்று வந்தது. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "எங்க வயித்துல வந்தது ஒன்னோட நின்னுபோச்சி" என்றார். என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

பிறகு சில வருடம் எல்லாம் ஒரே மாதிரி ஓடியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாண்டிச்சேரி. ஈரல் நன்றாக இருக்கிறது, கிருமி கோடியில் இருக்கிறது, வந்துகொண்டிருங்கள். இதற்கா ஒரு நாள் லீவு என்று சலிப்பாகக்கூட இருந்தது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் ஆடி மாதம் எனக்கு அசதி ஆரம்பித்தது. தட்டிப் பார்க்கிற வேலையில் பெரிய பாரம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பத்து மணிக்கெல்லாம் கை தூக்க முடியவில்லை. தாளிக்கும் வாசனை குமட்டியது. மறுபடி உண்டாகிவிட்டேனோ என்று நினைத்தேன். அவர்தான் என் கண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்துக்கு வா" என்றார். வெளியே கூட்டிப்போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். ஈரலின் கணக்கு பல மடங்கு ஏறியிருந்தது. எனக்கு மாமாவின் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"பயமாத்தான் இருக்கும். ஆனா இது முழுக்கக் கெட்ட சேதி இல்லீங்க. ஒங்க ஒடம்பு இத்தன வருஷம் கழிச்சி இப்பதான் முழிச்சிக்கினு இருக்குது. அது வேத்தாளுன்னு தெரிஞ்சிபோச்சி. சண்ட போடுது."

"எங்க மாமாவுக்கும் அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க. இழுத்துக்கினே போனா அந்த வழி. சீக்கிரம் ஜெயிச்சிட்டா வேற வழி. எதுன்னு எனக்கும் இப்பத் தெரியாது. மூணு மாசம் விட்டுப் பாப்போம். வாராவாரம் அங்கயே ரத்தம் குடுத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. ஒரு அளவு தாண்டுனா அன்னைக்கே மாத்திர."

எனக்கும் இப்பத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏனோ அதுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

யூனிட்டில் லீவு சொன்னேன். ஆலையில் அரவை இல்லாத காலம். அவர் வீட்டிலேயே இருந்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் வியப்பாக இருப்பது, அவர் அந்த நோயில் எனக்கு மூத்தவராக இருந்ததுதான். எனக்கு என்ன செய்கிறது என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. காலையில் வாய் கசக்கும் என்று தெரியும், எலுமிச்சைத் தோலைக் கீறிக் கையில் கொடுப்பார். இன்னும் நாலு நாளில் உடம்பு அரிக்கும் என்றார், அரித்தது. அதற்கு ஈரத்துணி போட்டால் கேட்கும் என்றார், கேட்டது. தாளிப்பதைப் பக்கத்து வீட்டு அடுப்பில் போய்ச் செய்துவிட்டு வருவார். குழந்தையை ஸ்கூலுக்குக் கிளப்பித் தலை பின்னிவிடுவார். இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் இருக்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஸ்கூலில் டீச்சர் பிரித்துப் பின்னி அனுப்புவார்.

மாமியார் மறுபடி ஒரு பை கீழாநெல்லியோடு வந்தார். டாக்டரம்மா எந்த நாட்டு மருந்தும் வேண்டாம், எது வேலை செய்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்று சொல்லியிருந்தார். மாமியாருக்கு மனசே ஆறவில்லை. மகனைக் காப்பாற்றியதே அதுதானே என்றார். "அது இல்லாமயே எனக்குச் சரியாயிருக்கும்மா" என்று இவர் சொல்லிவிட்டார். மாமியார் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. என்னோடு பேசினார். என் காலை மடியில் வைத்துக்கொண்டு நகத்தைக்கூட வெட்டிவிட்டார்.

வாரம் ஒரு முறை பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பூத்திலிருந்து அவர் கூப்பிட்டு எண்களைச் சொல்வார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் மூன்று வாரம் ஏறியது. நாலாம் வாரம் அப்படியே நின்றது. மாத்திரையா வேண்டாமா என்ற பேச்சு அந்த வாரம் வந்தது, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. ஐந்தாம் வாரம் அவர் பூத்துக்குள்ளிருந்தே என்னைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு ஏறவே இல்லை. ஐப்பசி மழை பிடிக்கும்போது எனக்குப் பசி எடுத்தது. ரசம் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தை பிறந்த பிறகு மூன்று பேரும் பாண்டிச்சேரி போனோம். டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். கிருமி வேகமாகப் பெருகும்போது ரத்தத்தில் ஒரு பொருளை விடுமாம். அது எனக்கு இத்தனை வருடம் இருந்தது, இப்போது இல்லை. அதற்கான எதிர்ப்பு வந்திருக்கிறது. கோடிகள் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. ஈரல் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மாத்திரை இல்லாமல் உடம்பே முடித்துவிட்டது என்றார்.

"அப்ப போயிடுச்சிங்களா?" என்று அவர் கேட்டார்.

"போவலிங்க. ஒரு மூலையில ஒக்காந்திருக்கும். அம்மாவுக்கு இருக்குதே, அது மாதிரி. அப்படியே ஒக்காந்திருக்குதான்னு நாம பாத்துக்கினே இருக்கணும்."

எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. அம்மா இந்த வயதிலும் களை எடுக்கப் போகிறார், பஸ் பிடித்து என்னை வந்து பார்க்கிறார். அம்மா மாதிரி என்றால் எனக்குச் சம்மதம்தான்.

வெளியே வந்ததும் பெண் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். இத்தனை வருடம் பாண்டிச்சேரிக்கு வந்து போயும் நாங்கள் கடல் பக்கம் போனதே இல்லை. அன்று போனோம். அவள் கல் மேல் ஏறுவதும், அலை வந்து தெறித்தால் கத்திக்கொண்டு அப்பாவிடம் ஓடுவதுமாக இருந்தாள். சுண்டல் வாங்கினோம், பஜ்ஜி வாங்கினோம், அதையும் சாப்பிட்டுவிட்டு எனக்கு இன்னொரு தட்டு வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தார். கிளம்ப மனசில்லாமல் கிளம்பியதில் எங்கள் ஊர் பஸ் நிரம்பி வழிந்தது. பெண்ணுக்கு மட்டும் ஒரு அம்மாள் மடியில் இடம் கிடைத்தது. நானும் அவரும் வடலூர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தோம். அங்கே இடம் காலியானதும் என்னை உட்காரச் சொன்னார். நீங்க உக்காருங்க, எனக்கு நிக்கணும்போல இருக்குது என்றேன்.